என் மகள் கேட்ட கொடி

1

இந்தத் தையோடு நான் ரங்கூனுக்கு வந்து பதினெட்டு வருடம் ஆகிறது. கொண்டாடுவதற்கு ஒன்றுமில்லை. எனக்கே நினைவில்லை. பொங்கலுக்கு முந்தின வாரம் என் மகள் மீனா தன் கொடியை நாலாக மடித்து என் மடியில் வைத்து, "இதை நீயே வச்சுக்கம்மா" என்று சொல்லிவிட்டுப் போனாள். அப்போதுதான் விரல்விட்டு எண்ணிப் பார்த்தேன். இத்தனை வருடத்தில் இந்த ஊரைப் பற்றியும், இங்கே பிறந்த என் பிள்ளையைப் பற்றியும் என்ன புரிந்துகொண்டேன் என்று யோசித்தேன். தலை சுற்றியதுதான் மிச்சம்.

ஊரில் இருக்கும் உங்களுக்கு எழுதினால் எனக்கே விளங்கிவிடும் என்பது என் பழைய நம்பிக்கை. இதுவரை அப்படி ஒன்றும் விளங்கியதில்லை. இருந்தாலும் எழுதுகிறேன்.

2

முதலில் கொடி என்றால் என்ன என்று சொல்லியாக வேண்டும். மானாமதுரையில் இருக்கும் என் தம்பியிடம் ஒருமுறை போனில், "இங்கே எல்லாரும் ஆளுக்கொரு கொடி வச்சிருக்காங்கடா" என்றேன். அவன், "எந்தக் கட்சிக்கா?" என்று கேட்டான். நீங்களும் அப்படித்தான் கேட்பீர்கள்.

கட்சி இல்லை. நாங்கள் இருக்கும் தாகேதாவில், ஓடைக்கு இந்தப் பக்கம், 'மூவேந்தர் படை' என்று ஒரு கூட்டம் இருக்கிறது. பொங்கலை ஒட்டி வரும் கோயில் திருவிழாவில் சேர, சோழ, பாண்டியப் படைகளாகப் பிரிந்து, துணி சுற்றிய மூங்கில் வாளால் கோயில் மைதானத்தில் அடித்துக்கொள்வார்கள். மண்ணெண்ணெய்த் தகரத்தைத் தட்டி மார்க்கவசம் செய்வார்கள். தகரம் குத்தாமல் இருக்க உள்ளே சணல் சாக்கு. இடுப்பில் மட்டும் பர்மாக் கைலிதான், அதை மாற்ற யாராலும் முடியவில்லை. கடைசியில் நிற்கிறவர் அந்த வருடத்து ராஜா. அடி பலமாகப் பட்டவனுக்கு மஞ்சள் பற்றுப் போடுவோம், எல்லாருக்கும் சாப்பாடு போடுவோம், அவ்வளவுதான். நாற்பது வயதுக்காரர்கள்கூட இதற்காக வருடம் முழுக்கக் காத்துக்கிடக்கிறார்கள்.

சண்டையைவிடக் கொடிதான் பெரிய விவகாரம். புலி, மீன், வில் மூன்றையும் யாரும் சொந்தம் கொண்டாட முடியாது. ராஜா ஆனவருக்கு மட்டும் ஒரு வருடத்துக்குக் கிடைக்கும். புதிதாகச் சேருகிறவர்கள் ஒன்றும் வரையாத மஞ்சள் துணிதான் பிடிக்க வேண்டும். மூன்று திருவிழா ஒழுங்காக வந்தவருக்குச் சொந்தக் குறி உண்டு. ஒரே நிறத் துணியில் ஒரே ஒரு உருவம், வேறு யாரிடமும் இல்லாத உருவம். ஒருமுறை ஒப்புக்கொண்டால் மாற்ற முடியாது. ஆள் மலேசியாவுக்குப் போய்விட்டாலும், செத்தே போனாலும், அந்தக் குறியை இன்னொருவருக்குக் கொடுக்க மாட்டார்கள். ஊர்வலத்தில் ஒவ்வொரு குறிக்குக் கீழேயும் அந்த வீட்டார் நடப்பார்கள்.

என் வீட்டுக்காரர் சந்திரனுடைய குறி, கறுப்புத் துணியில் வெள்ளைக் கொக்கி. மூட்டை தூக்கும் கொக்கி. அவர் தாத்தா துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர். இவர் உளுந்துக் கம்பெனியில் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார், ஆனாலும் கொக்கியைத்தான் கேட்டு வாங்கினார். டீக்கடைக்காரருக்குக் கெண்டி, பஸ் கண்டக்டருக்குச் சக்கரம். நான் பதினெட்டு வருடமாகக் கொக்கிக்குக் கீழே நடக்கிறவள்.

இந்தச் சட்டங்களை எல்லாம் எந்த ராஜா எழுதினார் என்று கேட்காதீர்கள். எழுதியவர் வீராசாமி அண்ணன். அலோன் கிடங்கில் மேஸ்திரி. மாதக் காலண்டர் படங்களிலிருந்தும், எங்கோ கிடைத்த பள்ளிக்கூடச் சரித்திரப் புத்தகத்திலிருந்தும் எடுத்தது பாதி, அவராகச் சேர்த்தது மீதி. கேட்டால், "ராஜா காலத்துல இப்படித்தான் தங்கச்சி" என்பார். எந்த ராஜா என்று கேட்டால் கோபம் வரும்.

3

நான் வந்த புதிதில் இந்தக் கூட்டத்துக்கு என்மேல் ஒரு மரியாதை. "அக்கா ஊர்லேருந்து வந்தவங்க, அவங்களுக்குத் தெரியும்" என்பார்கள். பாண்டியன் கொடியில் மீன் ஒன்றா, இரண்டா? படுத்திருக்குமா, நிமிர்ந்திருக்குமா? என்னைக் கேட்டார்கள். மானாமதுரையில் மீனைக் குழம்பில்தான் பார்த்திருக்கிறேன். ஆனாலும் அவர்கள் முகத்தைப் பார்த்ததும் தெரியாது என்று சொல்ல வாய் வரவில்லை. "ரெண்டு, நிமிர்ந்து" என்றேன். அன்றிலிருந்து ரங்கூன் பாண்டியனுக்கு இரண்டு மீன், நிமிர்ந்துதான் இருக்கின்றன.

எனக்குத் தையல் வரும் என்று தெரிந்ததும் கோயில் பெரிய கொடியை என்னிடம் கொடுத்தார்கள். முருகன் கோயில்தானே என்று, நல்ல பச்சை நூலில், தோகை விரித்த மயில் ஒன்றை மூன்று வாரம் உட்கார்ந்து போட்டேன். சந்திரன் வேலையிலிருந்து வந்து அதைப் பார்த்தார். கதவைச் சாத்தினார். கத்தரிக்கோலை எடுத்துத் தோகையைப் பிரிக்க ஆரம்பித்தார். நான் கத்தினேன். அவர், "சத்தம் போடாத. இந்த ஊர்ல துணியில மயில் போடக் கூடாது" என்றார்.

"ஏன்?"

"போடக் கூடாது."

நான் வந்தபோதே தெருக்கள் வாய்மூடிக் கிடந்தன. எதைக் கேட்கலாம், எதைக் கேட்கக் கூடாது என்று எல்லாருக்கும் தெரிந்திருந்தது, என்னைத் தவிர. அரசாங்கத்தை எதிர்த்து ஊர்வலம் போன மாணவர்கள் கையில் இருந்த கொடியில் மயில் இருந்தது என்று பிறகுதான் மெல்ல மெல்லத் தெரிந்துகொண்டேன். தோகையை எடுத்து, தலையில் சிவப்புக் கொண்டை வைத்து, அதைச் சேவலாக்கினோம். கழுத்து மட்டும் இன்றைக்கும் மயில் கழுத்துதான். சேவற்கொடியும் முருகனுடையதுதானே என்று எல்லாரும் கும்பிடுகிறார்கள்.

வருடா வருடம் எல்லாக் குறிகளையும் தாளில் வரைந்து வார்டு அலுவலகத்தில் காட்டி அனுமதி வாங்க வேண்டும். அங்கே இருக்கும் அதிகாரிக்குப் புலியைப் பார்த்தாலும் சந்தேகம், வில்லைப் பார்த்தாலும் சந்தேகம். எந்த நாட்டுக் கொடி இது, யாருடைய படை இது என்று கேட்பார். வீராசாமி அண்ணன் எல்லாவற்றுக்கும் ஒரே பதில்தான் வைத்திருக்கிறார். "சாமி படம் ஸயா." ஸயா என்றால் இங்கே ஐயா. புலியும் சாமி, கெண்டியும் சாமி, பஸ் சக்கரமும் சாமி. அதிகாரி தலையைச் சொறிந்துகொண்டே முத்திரை குத்துவார். அந்த விஷயத்தில் அவரும் நானும் ஒரு ஜாதி.

4

மீனாவுக்குப் பதினாறு வயது. பள்ளிக்கூடத்தில் அவளுக்குப் பர்மியப் பெயர், சந்திரனுக்கும் வெளியில் 'கோ தான் வின்' என்று ஒரு பெயர் இருப்பதுபோல. நான் தமிழில் கேட்பேன், அவள் பர்மியத்தில் பதில் சொல்வாள். பாதி புரியும். மீதியை முகத்தைப் பார்த்து ஊகித்துக்கொள்வேன். ஊகம் பெரும்பாலும் தப்பாகத்தான் இருக்கும். பசிக்கிறதாக்கும் என்று சோறு போட்டால், வெளியே போகக் காசு கேட்டிருப்பாள்.

கோயிலில் தமிழ் வகுப்புக்கு வரமாட்டேன் என்று சொல்லி வருடங்கள் ஆகின்றன. பாவாடை தாவணி வேண்டாம் என்றாள். சரி, கைவிட்டுப் போயிற்று என்று நினைத்த நேரத்தில் இந்தப் படையில் போய்ச் சேர்ந்தாள். பெண்பிள்ளைகள் மூன்று பேர்தான். தகரத்தைக் கட்டிக்கொண்டு வெயிலில் பயல்களோடு அடித்துக்கொண்டாள். எனக்கு ஒன்றும் புரியவில்லை, ஆனால் சந்தோஷமாக இருந்தது. எங்களோடு அவளுக்கு மிச்சமிருந்தது அது ஒன்றுதான். மூன்று திருவிழா முடிந்தது. இந்த வருடம் சொந்தக் குறி கேட்கலாம்.

தாமரை கேட்பாள், இல்லையென்றால் குத்துவிளக்கு கேட்பாள் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். அவள் வரைந்து காட்டியது முட்டைமாதிரி ஒரு சிவப்பு உருவம். அதற்கு இரண்டு கண், ஒரு வாய். வெள்ளைத் துணியில்.

"என்னடி இது?"

"பிட்டைங்டவுங்."

இங்கே பகோடா வாசல் கடைகளில் தொங்கும் காகிதக்கூழ் பொம்மை. கையில்லை, காலில்லை. தள்ளினால் விழும், விட்டால் எழுந்து உட்காரும். பர்மியக் குழந்தை இருக்கும் எல்லா வீட்டிலும் ஒன்று கிடக்கும். மீனாவும் ஒன்றை வைத்துக்கொண்டுதான் நடை பழகினாள்.

வீராசாமி அண்ணன் மற்றத் தாள்களோடு அதையும் வார்டு அலுவலகத்துக்குக் கொண்டுபோனார். அதிகாரி புரட்டிக்கொண்டே வந்து, இதைப் பார்த்ததும் சிரித்துவிட்டாராம். "இத்தனை வருஷத்துல இதுதான்யா எனக்குப் புரிஞ்ச சாமி" என்று முதல் முத்திரையை அதற்குக் குத்தினாராம். இனி நம் ஆட்கள் ஒப்புக்கொண்டால் போதும். அது வெறும் சடங்கு என்று நினைத்தேன்.

5

ஞாயிற்றுக்கிழமை கோயில் பின்கூடத்தில் கூட்டம். முதலில் பார்வைச் சோதனை. வீராசாமி அண்ணன் ரோட்டுக்கு அந்தப் பக்கம் போய் நின்று, கண்ணைப் பாதி மூடிக்கொண்டு, கொடியில் என்ன தெரிகிறது என்று கத்துவார். அவர் சரியாகச் சொன்னால்தான் கொடி தேறும். மீனா, தான் வரைந்த தாளை ஒட்டிய கம்பை உயர்த்திப் பிடித்தாள்.

"பொம்மை!" என்று கத்தினார். "சிரிக்குது!"

மீனா முகமெல்லாம் பல். நானும் கைதட்டினேன். அப்போது மாணிக்கம் ஐயா தொண்டையைச் செருமினார். பபேடானில் துணிக்கடை வைத்திருக்கிறார். பழைய செட்டியார் குடும்பம், கொடித் துணி எல்லாம் அவர் கடையிலிருந்துதான் வருகிறது. நல்ல மனுஷர், ஆனால் ஒன்றைப் பிடித்தால் விடமாட்டார்.

"இது பர்மாக்காரங்க பொம்மையில்ல? சோழன் கொடி பக்கத்துல இதைப் பிடிச்சா என்ன அர்த்தம்? ஏற்கெனவே பிள்ளைங்க தமிழ் பேசறதில்ல. கொடியையாவது நம்மளதா வச்சுக்குவோமே."

கெண்டியும் சக்கரமும் மட்டும் சோழன் காலத்ததா என்று யாராவது கேட்டிருக்கலாம். யாரும் கேட்கவில்லை. வீராசாமி அண்ணன் வாசலில் நின்று என்னைப் பார்த்தார். அதே பார்வை, 'ஊர்லேருந்து வந்தவங்களுக்குத் தெரியும்.' மீனாவின் முகம் சுருங்கிக்கொண்டே போனது. இவளைத் தோற்கவிட்டால் தகரத்தைக் கழற்றி வைத்துவிட்டுப் போய்விடுவாள், அப்புறம் இவள் கோயில் பக்கம் வரவே மாட்டாள் என்று எனக்குப் பயம் வந்துவிட்டது.

"ஐயா, இது நம்ம பொம்மைதான்" என்றேன். "தஞ்சாவூர்ப் பொம்மை. எங்க ஊர்ப் பக்கம் வீட்டுக்கு வீடு இருக்கும். தள்ளினா விழும், எழுந்து உக்காரும். தஞ்சாவூர்னா சோழன்தானே?"

பொய் இல்லை. தஞ்சாவூர்ப் பொம்மையும் அப்படித்தானே ஆடும். மாணிக்கம் ஐயா முகம் மலர்ந்துவிட்டது. "அப்படிச் சொல்லும்மா! இங்கேருந்து போனதா, அங்கேருந்து வந்ததா, யாருக்குத் தெரியும்? சோழன் கப்பல்ல வந்திருக்கும்" என்றார். எல்லாரும் தலையாட்டினார்கள். வீராசாமி அண்ணன் உரக்க அறிவித்தார்: "தஞ்சாவூர்ப் பொம்மை. மீனா. ஒப்புக்கொண்டோம்."

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் நான்தான் பேசிக்கொண்டு வந்தேன். கெட்டித் துணியாக வாங்கி, ஓரம் மடித்து, கண்ணுக்குக் கறுப்பு நூலில் இரண்டு சுற்று ஓட்டி, மூன்றே நாளில் கொடியைத் தைத்து முடித்தேன். அதைத்தான் அவள் மடித்து என் மடியில் வைத்தாள்.

6

"கேட்டது கிடைச்சிருச்சே, இப்ப என்னடி?" என்று அவள் பின்னாலேயே போனேன்.

"நான் கேட்டது இது இல்ல."

"அதே பொம்மைதானே? கண்ணு வாய் எல்லாம் நீ போட்டதுதானே?"

அவள் திரும்பி நின்றாள். அபூர்வமாக முழுக்கத் தமிழிலேயே பேசினாள். வார்த்தை தேடித் தேடிப் பேசினாள்.

"நீ எதைப் பார்த்தாலும் எங்க ஊர்லயும் இருக்குன்னு சொல்ற. மொய்ங்கா குடிச்சா எங்க ஊர்க் குழம்பு மாதிரிங்கற. தனாக்கா பூசினா எங்க ஊர்ச் சந்தனம்ங்கற. இங்கயே பொறந்ததுன்னு ஒண்ணுமே கிடையாதாம்மா? அப்ப நானு?"

எனக்கு அழுகை வந்தது, கோபமும் வந்தது. இவளுக்காகத்தானே அத்தனை பேர் நடுவில் வாயைத் திறந்தேன்! ஊரை விட்டு வந்த ஒருத்திக்கு, பார்க்கிற எல்லாவற்றிலும் ஊரைக் கொஞ்சம் ஒட்டவைத்துக்கொண்டால்தானே பொழுது போகும்? அதை அவளிடம் எப்படிச் சொல்வது? சொன்னாலும் எந்தப் பாஷையில் சொல்வது?

சந்திரனிடம் முறையிட்டேன். அவர் செய்தித்தாளைக் கீழே வைத்தார். "நீ பேசாம இருந்திருக்கலாம்" என்றார்.

"பேசாம இருந்தா தோத்துப் போயிருப்பா."

"தோத்திருந்தா அடுத்த வருஷம் மறுபடியும் கேட்டிருப்பா. இப்ப என்ன பண்ணுவா? குறி கொடுத்தாச்சு, மாத்த முடியாது. அவளுக்கு ஆயுசுக்கும் தஞ்சாவூர்தான்."

அவர் இவ்வளவு நீளமாகப் பேசி நான் கேட்டதில்லை. இரண்டு பெயர் வைத்துக்கொண்டு வாழ்கிற மனுஷருக்கு இதெல்லாம் முன்பே தெரிந்திருக்கும்போல. எனக்குத்தான் ஒன்றும் தெரியவில்லை. ஜெயித்துக் கொடுத்தேனா, பிடுங்கிக்கொண்டேனா?

7

திருவிழாவன்று காலையில் மீனா எங்களுக்கு முன்னாலேயே கிளம்பிப் போய்விட்டாள். நான் கொடியைப் பையில் போட்டு எடுத்துக்கொண்டு போனேன். நேரத்துக்கு மனசு மாறினால் கொடுக்கலாமே என்று ஒரு நப்பாசை.

ஊர்வலத்துக்கு முன் வீராசாமி அண்ணன் ஒவ்வொரு குறியாக உரக்கக் கூப்பிடுவார். கூப்பிட்டதும் அந்த ஆள் கொடியோடு முன்னால் வந்து நிற்க வேண்டும். முதலில் ராஜா, இந்த வருடம் வில். பிறகு கெண்டி, சக்கரம். "கொக்கி, சந்திரன்!" சந்திரன் போய் நின்றார். வீட்டாராக நானும் பின்னால் போய் நின்றேன்.

"தஞ்சாவூர்ப் பொம்மை, மீனா!"

யாரும் வரவில்லை. மறுபடி கூப்பிட்டார். மாணிக்கம் ஐயா எட்டி எட்டிப் பார்த்தார். மேளக்காரர்கள் கையை நிறுத்தினார்கள். பையிலிருந்த கொடி எனக்குக் கல்லாகக் கனத்தது. மூன்றாம் தடவை அவர் குரல் இறங்கிவிட்டது. யாருமில்லை என்றதும், "பொம்மை வரலை" என்று சொல்லிவிட்டு அடுத்த பெயருக்குப் போய்விட்டார்.

நான் திரும்பிப் பார்த்தேன். கடைசி வரிசையில், இந்த வருடம் சேர்ந்த சின்னப் பிள்ளைகளுக்கு நடுவே, அவர்களைவிட ஒரு தலை உயரமாக, வெறும் மஞ்சள் துணியைப் பிடித்துக்கொண்டு என் மகள் நின்றாள். தகரக் கவசத்தைப் பளபளவென்று தேய்த்துக் கட்டியிருந்தாள். கோபித்துக்கொண்டு போகவில்லை. குறி வேண்டாம் என்றுதான் விட்டிருக்கிறாள், எங்களை விடவில்லை. அது எனக்கு அந்த நிமிடத்தில்தான் உறைத்தது.

கால் தானாக நகர்ந்தது. கொக்கியை விட்டு, மற்றக் குறிகளை எல்லாம் தாண்டி, வரிசையின் வாலுக்குப் போய் அவள் பக்கத்தில் நின்றேன். வீராசாமி அண்ணன் வியர்க்க வியர்க்க ஓடிவந்தார்.

"தங்கச்சி, உங்க இடம் அங்க, கொக்கிக்குக் கீழ. இங்க யார் கொடிக்குக் கீழ நிக்கிறீங்க?"

"இவளோட நிக்கிறேன்ணே."

"அவளுக்குத்தான் கொடியே இல்லையே!"

"எனக்கும்தான் இல்ல" என்றேன்.

அவர் ராஜா காலத்துச் சட்டத்தில் இதற்கு ஏதாவது இருக்கிறதா என்று யோசிப்பதுபோலக் கொஞ்ச நேரம் நின்றார். பிறகு, கொடிகளை ஏற்றி வந்த கட்டைவண்டியில் மிச்சம் கிடந்த மஞ்சள் துணி ஒன்றைக் கம்போடு எடுத்துவந்து என் கையில் கொடுத்துவிட்டு, வரிசையின் முன்பக்கம் ஓடினார். மேளம் தொடங்கியது.

மீனா என்னைப் பார்க்காமலே பேசினாள். "மூணு வருஷம் வரணும், தெரியும்ல? நடுவுல நின்னா மறுபடி முதல்லேருந்து."

"தெரியும்."

"அதுக்குள்ள உனக்கு என்ன குறி வேணும்னு யோசிச்சு வை. எங்க ஊர்லன்னு மட்டும் ஆரம்பிக்காத."

"சரி, எந்த ஊரு சொல்லட்டும்?" என்று கேட்டேன். விளையாட்டுக்குக் கேட்கவில்லை, நிஜமாகவே தெரியாமல்தான் கேட்டேன்.

அவள் கம்பைத் தோளில் சாய்த்துக்கொண்டாள். பிறகு, "அதுதாம்மா எனக்கும் தெரியல" என்றாள்.